வீராவிலிருந்து இறக்கிய இவோ 3 இன்ஜின்

எட்டு வருடம் என் மலேசியக் காரான புரோட்டோன் வீராவில் ஓடிய 4ஜி63 டர்போ இன்ஜினைப் போன வருடம் விற்றேன். மிட்சுபிஷி லான்சர் இவோ 3-இன் ஹாஃப் கட்டிலிருந்து, அதாவது வெட்டி இறக்குமதி செய்த பழைய காரின் முன்பாதியிலிருந்து, எடுத்துப் போட்டது. லான்சரை வைத்துச் செய்த கார்தான் வீரா என்பதால் இவோ 3 வரைக்குமான இன்ஜின் அதில் அதிகத் தகராறு இல்லாமல் உட்காரும். இவோ 4-இல் இன்ஜினையே திருப்பி வைத்துவிட்டார்கள், அதனால் அது அப்படி உட்காராது.

முதலில் வந்தவர்கள் எல்லோரும் டர்போவை மட்டும் கேட்டார்கள். பிரித்து விற்றால் காசு கூடக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் கழற்றித் தரையில் வைத்த இன்ஜினுக்கு விற்பவன் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது. காரில் இருக்கும்போதே ஓட்டிக் காட்டி விற்பதென்று முடிவு செய்தேன்.

அப்புறம் கிள்ளானிலிருந்து ஒரு தம்பி அப்பாவோடு வந்தார். அப்பா லாரிப் பட்டறைக்காரர், சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மீட்டரைக் கையோடு கொண்டு வந்திருந்தார். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். மூன்று சிலிண்டரில் 150, 152, 148 பிஎஸ்ஐ. நான்காவதில் 128. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த சிலிண்டரில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார், 145-க்கு ஏறியது.

"வால்வு இல்ல தம்பி, பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு. அதான் ஆயில் விட்டதும் ஏறுது."

அதன் பிறகு எதையும் மறைக்க மனம் வரவில்லை. கடைசி வருடம் பூஸ்ட்டை, அதாவது டர்போவின் காற்றழுத்தத்தை, ஏற்றி ஓட்டியதைச் சொன்னேன். டைமிங் பெல்ட்டை மாற்றியபோது அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் சின்ன பெல்ட்டை மாற்றாமல் விட்டதையும் சொன்னேன். அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால் வால்வு வளைந்துவிடும். இந்த இன்ஜினை வாங்குகிற யாரும் அதைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

"எப்படியும் பிரிச்சுத்தான் போடுவோம்" என்றவர், விலையைப் பேசுவதற்கு முன் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். ஹாஃப் கட் வாங்கிய ரசீது, சுங்கப் படிவம் எல்லாம் வைத்திருந்தேன். இன்ஜின் நம்பரை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) மாற்ற அவை வேண்டும். இரண்டாயிரம் ரிங்கிட் குறைத்தேன், அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மிச்சமிருந்த ஒரு செட் இவோ இன்ஜெக்டரை (பெட்ரோல் பீய்ச்சும் பாகம்) கேட்டு இன்னொரு பையன் வந்தார். சாதாரண வீராவில் மாட்டப் போகிறாராம். அந்த இன்ஜெக்டருக்கு ரெசிஸ்டன்ஸ் குறைவு. நேராக இணைத்தால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ எரிந்துபோகலாம், இடையில் ரெசிஸ்டர் பெட்டி இருக்க வேண்டும். அவருக்கு அது தெரியவில்லை, அதை விற்க வந்த வேறு இரண்டு பேரும் சொல்லவில்லையாம். என்னிடமிருந்த பெட்டியையும் கொடுத்து, எந்த வயர் எங்கே போகும் என்று தாளில் வரைந்து அனுப்பினேன். ட்யூனிங் செய்யாமல் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன்.