1950களின் செவிலியர் பயிற்சி: கல்வியா, மருத்துவமனைக்குக் கிடைத்த மலிவான உழைப்பா?

ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்:
1950களில் சென்னை மாநிலத்தின் அரசு மருத்துவமனை ஒன்றில் பயின்றவள் நான். இன்றைய நர்சிங் கல்லூரிகளைவிட, வார்டிலேயே வைத்துக் கற்பித்த அந்தப் பயிற்சியே மேலானது என்பது என் உறுதியான கருத்து. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைப்பதும், மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டுவதும், கிழிந்த ரப்பர் கையுறையைக் கழுவி, ஒட்டுப்போட்டு, பவுடர் தடவி அடுக்குவதும் எங்கள் கைகளால்தான் நடந்தன. நினைவிழந்து கிடப்பவரை வேளை தவறாமல் புரட்டிப் படுக்க வைத்து முதுகில் ஸ்பிரிட் தேய்ப்போம். ஒருவருக்குப் படுக்கைப்புண் வந்துவிட்டால், காலையில் செவிலியர் தலைவியான மேட்ரன் சுற்றி வரும்போது அந்த வார்டுக்கே தலைகுனிவு.

நர்சிங் விரிவுரையாளர்:
உங்கள் கைத்திறனை மதிக்கிறேன், அம்மா. ஆனால் நீங்கள் பயிற்சி என்று சொல்வதில் பெரும்பகுதி, ஸ்டைபண்டு எனும் சிறு உதவித்தொகையும் விடுதிச் சாப்பாடும் கொடுத்து வாங்கிய வேலை. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழு 1946இல் அளித்த அறிக்கையின்படி, நாட்டில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான் இருந்தார். அந்தப் பற்றாக்குறையை மருத்துவமனைகள் மாணவியரைக் கொண்டே நிரப்பின. அதே ஆண்டில் வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது என்றால், வார்டு வேலை மட்டும் போதாது என்பதை அக்காலத்தவரே உணர்ந்திருந்தார்கள் என்றுதானே பொருள்? மேலும், பாக்டீரியா வெப்பத்தைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் வடிவமான வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. அதை உங்களுக்கு யாராவது விளக்கினார்களா?

ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்:
விளக்கினார்கள். அறுவைக்கான துணிகளும் பஞ்சும் டிரம்மில் அடைபட்டு உயரழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குத்தான் போயின. நான்கு மணிக்கொரு முறை பெனிசிலின் போட வேண்டிய வார்டில், ஒவ்வொரு சிரிஞ்சையும் அங்கே அனுப்பிவிட்டுக் காத்திருக்க முடியாது என்பதால் கொதிக்க வைத்தோம். ஆள் போதாதது நிர்வாகத்தின் குறை. அதைப் பயிற்சிமுறையின் தலையில் கட்டுவது நியாயமல்ல.

பொதுச் சுகாதாரச் செவிலி:
இருவருமே வார்டின் நான்கு சுவர்களுக்குள்ளேயே நிற்கிறீர்கள். 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. ஓராண்டு மருந்து சாப்பிட்டால், நெரிசலான வீட்டில் இருக்கும் ஏழை நோயாளியும் காசநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் சானடோரியத்தில் இருப்பவருக்கு இணையாகக் குணமடைகிறார் என்று 1959இல் அது காட்டியது. வீடு தேடிப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்து, சாப்பிடாததற்கான காரணத்தைக் குடும்பத்தாரிடம் பக்குவமாகக் கேட்டறியும் வேலைக்கு, மேட்ரனுக்கு அஞ்சி நடக்கும் பழக்கம் எந்த வகையில் உதவியிருக்கும்?

ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்:
அச்சம் உதவியிருக்காது என்பதை ஏற்கிறேன். ஆனால் மூச்சின் சத்தத்தையும் சளியின் நிறத்தையும் வைத்தே நோயாளியின் நிலையை அறியும் கண், படுக்கையருகே நின்று பழகாமல் வராது, தாயே.

நர்சிங் விரிவுரையாளர்:
படுக்கையருகே நிற்கட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். கற்பிக்க ஒருவர் உடன் நிற்க வேண்டும் என்பதே என் வாதம். நாற்பது நோயாளிகள் உள்ள வார்டில் இரண்டாமாண்டு மாணவியை இரவில் தனியே விட்டுவிட்டு, அந்த நேரத்தையும் பயிற்சிக் கணக்கில் எழுதிய வழக்கத்தை என்னால் கல்வி என்று ஏற்க முடியாது.