பிரெஞ்சில் பேச்சுப் பயிற்சி தர யாராவது? (ஊட்டி, குன்னூர்)

வணக்கம். இங்கே கல்லூரியில் பிரெஞ்சும் வரலாறும் சேர்த்துப் படிக்கும் சிலர் டெல்ஃப் ஏ2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதப் போகிறார்கள். வாரம் ஒரு மணி நேரம், நேரிலோ வாட்ஸப்பிலோ, அவர்களோடு பிரெஞ்சில் பேச யாராவது முன்வர முடியுமா?

கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் பாஸ். ஏதாவது ஒன்றில் 5-க்குக் கீழே போனால் அதுவும் போச்சு. பேச்சு ஆறிலிருந்து எட்டு நிமிஷம்தான், இடறுவதும் அங்கேதான். 'நல்ல' என்பதற்கான 'பொன்' நம்மூர்ப் பொன்னாகவே வருகிறது. கடைசியில் நாக்கு மேலே முட்டவே கூடாது, மூச்சு மூக்கு வழியாகப் போகணும். 'நீ' என்பதற்கான 'தூ'வுக்கு நாக்கை 'ஈ'யில் வைத்து உதட்டை மட்டும் 'ஊ'வாகக் குவிக்கணும். இல்லையென்றால் அது 'எல்லாம்' என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். நீ, நீங்கள் வித்தியாசம் தமிழைப் போலத்தான், சொல்லித்தரவே வேண்டாம்; பிரெஞ்சில் மேசை பெண்பால் என்பதுதான் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது!

இன்னொன்று. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவை. அதைப் பற்றி வரலாற்றுக்கு ஒரு ப்ராஜெக்ட். போர்ச்சுகீசிய அகராதி யாரிடமாவது இருந்தால், கொடைக்கானலில் இருந்தாலும் சரி, தேவையான பக்கங்களை போட்டோ எடுத்து அனுப்புங்கள், போதும்.