அங்கோர் வாட்: உதயப் படமும் பாற்கடல் சிற்பமும் ஒரே காலையில் முடியுமா?

கேள்வி:
டிசம்பரில் கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலுக்குப் போகிறோம். கையில் பழைய கேனான், 18-55 லென்ஸ். விடியலில் கோபுரங்கள் குளத்தில் தெரிய எல்லாரும் எடுக்கும் அந்தப் பிரதிபலிப்புப் படம் எனக்கும் வேண்டும்தான். அப்பாவுக்கோ பாற்கடல் கடையும் சிற்பம்தான் வேண்டுமாம். ஒரே காலையில் இரண்டும் முடியுமா?

பதில்:
முடியும். கோயில் மேற்குப் பார்த்தது, அதனால் விடியலில் கோபுரங்கள் கறுப்பாகத்தான் விழும். நுழைந்ததும் இடப்பக்கக் குளம். முன்வரிசை வேண்டுமானால் இருட்டிலேயே போய் நில்லுங்கள். சூரியன் கோபுரத்துக்கு மேலே ஏறியதும் கிளம்பிவிடுங்கள், அப்புறம் வெறும் வெள்ளை வானம்தான். நேரே பின்பக்கம், கிழக்குப் பிராகாரத்தின் தென்பாதி. கூட்டம் இன்னும் குளத்தருகேதான் இருக்கும்! சிற்பம் கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம். ஒரே ஃப்ரேமில் அடக்க நினைக்காதீர்கள். நடுவில் விஷ்ணு, அவருக்குக் கீழே ஆமை, வடகோடியில் பாம்பின் வாலைப் பிடித்த குரங்குமுகன். அப்பாவுக்கு இந்த மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். காலை வெயில் தூண்களுக்கிடையே சாய்வாக வரும்போது அசுரர்களின் முழங்கால்கூடத் துல்லியமாகத் தெரியும். ஃபிளாஷ் வேண்டாம், சிற்பம் தட்டையாகிவிடும்.

இன்னொரு பதில்:
முகப்பு பளிச்சென்று வேண்டுமானால் மாலையில் போங்கள். மேல்தளத்துக்கு ஏற, தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். அனுமதி இல்லாமல் ட்ரோன் கூடாது.

கேள்வி கேட்டவர்:
சரி, நன்றி. சாப்பாட்டுப் படத்துக்கு?

பதில்:
சந்தையில் காலை நேரத்து நும் பஞ்சோக். நம்ம இடியாப்பம் மாதிரி அரிசி நூடுல்ஸ், மேலே எலுமிச்சைப்புல் போட்ட மீன் குழம்பு, வாழைப்பூ. விற்கும் அம்மாவிடம் முதலில் கேட்டுவிட்டு எடுங்கள்.