மணப்பாடு முதல் முட்டம் வரை: மார்கழியில் ஒரு கடற்கரைப் பயணம்

தென்கோடிக் கடற்கரையைக் காரில் சுற்றிப் பார்க்க மார்கழியைவிட ஏற்ற மாதம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. வடகிழக்குப் பருவமழை அடங்கிவரும் நேரம், வெயிலும் உறைக்காது. கன்னியாகுமரியில் சூரியன் கடலில் எழுந்து கடலிலேயே இறங்குவதைக் காணவும் இதுதான் காலம். ஆண்டின் நடுப்பகுதியில் சூரியன் வடக்கே சாய்ந்துவிடுவதால், மாலையில் கரைக்குப் பின்னால் போய்விடும்.

இந்தப் பயணத்துக்கு வழி வகுத்தவர் என் அம்மா. 1981இல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைத் தன் கல்லூரி நாளில் பார்த்து, அது எடுக்கப்பட்ட முட்டத்துக்கு ஒருமுறை போய்விட வேண்டும் என்று அப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர். கார்த்திக்கும் ராதாவும் அறிமுகமான படம் அது. 2013இல் 'கடல்' வந்தபோது கார்த்திக்கின் மகனும் ராதாவின் மகளும் அதில் ஜோடியாக அறிமுகமானார்கள். அதன் காட்சிகள் மணப்பாட்டில் எடுக்கப்பட்டன. பெற்றோர் நடித்த கரைக்கும் பிள்ளைகள் நடித்த கரைக்கும் இடையே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான். பிள்ளைகளின் கரையில் தொடங்கிப் பெற்றோரின் கரையில் முடிக்கலாம் என்று அம்மாவே வழியை வகுத்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் திருச்செந்தூரிலிருந்து புறப்பட்டோம். குலசேகரன்பட்டினம் தாண்டியதுமே மணப்பாட்டின் மணல்மேடு தெரிந்துவிடுகிறது. அதன் உச்சியில் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். கீழே, 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. மேட்டின் மேல் நின்றால் ஒரு பக்கம் திறந்த கடல், மறு பக்கம் கருமேனியாறு கடலைச் சேருமிடத்தில் அசையாமல் கிடக்கும் உப்பங்கழி. எந்தக் காமிராவும் இந்த இரண்டையும் ஒருசேரக் காட்டி நான் பார்த்ததில்லை. நேரில்தான் பார்க்க வேண்டும்.

அங்கே பேரக்குழந்தைகளோடு புத்தாடையில் நின்றிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். சொந்த ஊர் மணப்பாடு, பிழைப்பு மும்பையில். படப்பிடிப்பைப் பற்றிக் கேட்டேன். "அது நடந்தது, போனது. நீங்கள் செப்டம்பரில் சிலுவைத் திருவிழாவுக்கு வாருங்கள். எங்கெங்கோ இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் ஒன்றாக இருப்போம்" என்றார். பிறகு பையிலிருந்த முந்திரிக்கொத்தை எடுத்து அம்மாவின் கையில் வைத்து, "திருநாள் அன்றைக்கு வெறுங்கையோடு போகக் கூடாது அக்கா" என்றார். ஆறேழு தெருக்கள் கொண்ட ஊரை ஒரு படத்தின் பின்னணியாக மட்டுமே நினைத்துக்கொண்டு போயிருந்த எனக்கு, அவர் பேச்சு மிகவும் பிடித்துப்போனது.

அடுத்து உவரி. கப்பல் வடிவில் கட்டப்பட்ட மாதா கோயிலில் நல்ல கூட்டம். வெளியில் இருந்தபடியே பார்த்துவிட்டு நகர்ந்தோம். மாலை வெளிச்சம் போவதற்குள் வட்டக்கோட்டையை எட்டிவிட வேண்டும் என்ற அவசரம். டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்து திருவிதாங்கூர் படைக்குத் தலைமை வகித்த டிலனாயின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் 18ஆம் நூற்றாண்டுக் கருங்கல் கோட்டை அது. மதில் மேல் நின்றால் காலடியில் கடல், திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகள். பக்கத்துக் கடற்கரையில் மணல் கறுத்துக் கிடக்கிறது. இல்மனைட் என்ற கனிமம் கலந்த மணல் அது. அன்றிரவு கன்னியாகுமரியில் தங்கினோம். சபரிமலை பக்தர்கள் திரளும் பருவம் என்பதால் முன்பதிவு இல்லாமல் யாரும் போக வேண்டாம்.

மறுநாள் டிசம்பர் 26. நாகர்கோவில் வழியாகப் போகாமல் கடலோரச் சாலையில் போனோம். பழையாறு கடலில் கலக்கும் மணக்குடியில் கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்திருந்த பாலத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது. இப்போது புதுப் பாலம் இருக்கிறது. இறந்தவர்களை அடக்கம் செய்த இடத்தை நோக்கி மக்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். காரை ஓரமாக நிறுத்திவிட்டு நாங்களும் பின்னால் நடந்தோம். படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவின் பக்கத்தில் நின்ற ஒரு பெண், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். உறவு யாரும் இல்லை, இந்த வழியாகப் போனவர்கள் என்று அம்மா சொன்னதும், தன்னிடமிருந்த மெழுகுவர்த்திகளில் ஒன்றைக் கொடுத்து, "எங்கள் சின்னவனுக்காக ஏற்றுங்கள் அம்மா. இருந்திருந்தால் இவர் வயதுதான்" என்று என்னைக் காட்டினார். காற்றில் திரி அணைந்து அணைந்து போனது. அவரே தன் கையை மறைப்பாக வைத்துக்கொண்டார். அதன் பிறகு முட்டம் வரும்வரை அம்மா பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. படக்காட்சிகளைத் தேடி இந்தச் சாலையில் வருகிற ஒவ்வொருவரும் மணக்குடியில் சற்று நேரம் நிற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

முட்டத்தில் வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகள் படிப்படியாகக் கடலுக்குள் இறங்குகின்றன. ஜூன், ஜூலையில் இந்தப் பக்கக் கடல் கொந்தளிக்கும். எங்களுக்கு அன்று அமைதியான கடல் வாய்த்தது. வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு மீனவர், 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்தபோது தான் பள்ளிக்கூடப் பையன் என்றார். காமிராவுக்குள் வந்துவிடாதே என்று தள்ளி நிற்கவைத்தார்களாம். 1986இல் 'கடலோரக் கவிதைகள்' எடுக்க வந்தபோது படகில் ஏறும் வயதாகிவிட்டதால், வேடிக்கை பார்க்க நேரமில்லையாம். அம்மா ஒரு பாறையைக் காட்டி இதுதானே என்றார். அவர் வேறொன்றைக் காட்டினார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சூரியன் தண்ணீரைத் தொடும்வரை அந்த வாதம் நடந்தது. அம்மா அவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் பார்த்து வெகுநாளாகிறது.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அலை ஏறும் பாறைகளில் பாசி வழுக்கும். நல்ல படம் கிடைக்கும் என்று விளிம்புக்குப் போகாதீர்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடங்களில் உள்ளூர்க்காரர்களே நிற்பதில்லை.

அடுத்த மார்கழிக்கு 'பம்பாய்' படத்தின் 'உயிரே' பாடல் எடுக்கப்பட்ட பேக்கல் கோட்டைக்குப் போகலாம் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். கோழிக்கோட்டுக்கு வடக்கே கடலை ஒட்டிய சாலைகளில் டிசம்பரில் போனவர்கள் இருந்தால், எங்கே நிறுத்தினீர்கள், யாரைச் சந்தித்தீர்கள் என்று எழுதுங்கள்.