கை கட்டினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமா?

கேள்வி: பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டால் நம் பேச்சு பிடிக்கலைன்னு எடுத்துக்கலாமா? கண்ணைப் பார்க்காதவர் பொய் சொல்றாரா? பேச்சில் 93 சதவீதம் உடல்மொழிதான்னு வேற சொல்றாங்களே?

பதில் 1: ஒரே அசைவை வைத்து முடிவு கட்டாதீங்க. குளிராக இருக்கலாம், நாற்காலியில் கைப்பிடி இல்லாமலிருக்கலாம். முதல் சில நிமிஷம் சாதாரண விஷயம் பேசி, அவர் இயல்பாக எப்படி உட்கார்றார், எவ்வளவு வேகமாகப் பேசறார்னு பாருங்க. பிறகு எந்தப் பேச்சு வந்ததும் மாறுதுன்னு கவனிங்க. கை கட்டுவதோடு உடம்பும் பின்னால் சாய்ந்து, பதிலும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கினால்தான் யோசிக்கணும். அப்பவும் ஊகிக்காம, "இதில் ஏதாவது தயக்கமா?"ன்னு கேட்டுடுங்க.

பதில் 2: அந்த 93 கணக்கு பாவம், ரொம்பத் தப்பாகப் புரிஞ்சுக்கப்பட்டது. 1967-இல் உளவியலாளர் மெஹ்ராபியன் செய்த ஆய்வுகளில் குரலுக்குக் கிடைத்த 38, முகபாவத்துக்குக் கிடைத்த 55 என்ற எண்களின் கூட்டல். வெறும் உடல்மொழி இல்லை. விருப்பு வெறுப்பைக் காட்டும் பேச்சுக்கு மட்டுமே பொருந்தும்.

பதில் 3: பொய்யைக் கண்ணில் தேடாதீங்க. 2006-இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், ஒருத்தர் சொல்றது பொய்யா உண்மையான்னு மக்கள் சராசரியாக 54 சதவீதம்தான் சரியாகச் சொன்னாங்க. கூச்சமும் பதற்றமும் பார்வையைத் திருப்பும்.