குறைந்த செலவில் திருமணம்: எங்கே விசாரிப்பது, யாரைக் கேட்பது?

உறையூர் அண்ணன்:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு வரும் தை மாதத்தில் திருமணம் செய்வதென்று இரு வீட்டாரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் பொறுப்பு முழுவதும் அம்மாவையும் என்னையும் சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. எளிமையாக நடந்தால் போதும் என்று மனப்பூர்வமாகச் சொல்கிறார்கள். நகை நீங்கலாக 4 லட்சம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும், கடன் வாங்கக் கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருக்கிறார். ஏறத்தாழ 350 பேர் வருவார்கள் என்று நினைக்கிறோம்.

இணையத்தில் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளுக்கும் மேடை அலங்காரத்துக்குமான விளம்பரங்களாகவே இருக்கின்றன. திருச்சிப் பக்கத்தில் இப்படி ஒரு திருமணத்தை நடத்தியவர்கள் எங்கே விசாரித்தீர்கள், எந்த அலுவலகத்தை அணுகினீர்கள், எதில் உண்மையில் பணம் மிச்சமானது என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இரு மகள்களின் தாய்:

தம்பி, முதலில் வீட்டில் இருக்கும் மொய் நோட்டுகளை எடுத்து வையுங்கள். உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது அதில் இருக்கிறது. அண்மையில் திருமணம் முடித்த சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் அவர்கள் வீட்டு நோட்டையும் ஒருமுறை பார்க்கக் கேளுங்கள். 350 என்று மனக்கணக்காகச் சொல்வதற்கும் பெயர் எழுதி எண்ணிப் பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கும். மண்டபத்தின் அளவு, அரிசி, இலை, தாம்பூலப் பை எல்லாம் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவாகின்றன.

அடுத்தது மண்டபம். வளர்பிறை முகூர்த்தத்தில் மண்டபத்துக்குப் போட்டி அதிகம். தேய்பிறை முகூர்த்தத்தில், அதுவும் வார நாளாக இருந்தால், வாடகையைப் பேசிக் குறைக்க இடமுண்டு. மாநகராட்சியும் ஊராட்சிகளும் நடத்தும் சமுதாயக் கூடங்களையும் விசாரியுங்கள். ஆனால் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மின்சாரத்துக்கு யூனிட் கணக்கில் எவ்வளவு, ஜெனரேட்டர் ஓடினால் டீசல் யாருடையது, துப்புரவுக் கட்டணம் தனியா, சமையல்காரரையும் மேடை அலங்காரக்காரரையும் நாமே அழைத்து வரலாமா, முந்தைய நாள் எத்தனை மணிக்குச் சாவி கிடைக்கும், நாள் மாறினால் முன்பணம் திரும்புமா என்று ஒவ்வொன்றையும் கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் மின் அளவியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும், பாத்திரங்களை எண்ணி வாங்கி எண்ணியே ஒப்படைப்பதும் மிக அவசியம். கடைசி நாளில் வரும் வாக்குவாதங்கள் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்துதான் கிளம்புகின்றன.

தை மாதம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் மல்லிகை விளைச்சல் குறைந்து, முகூர்த்த நாள்களில் அதன் விலை மிகவும் ஏறிவிடும். மணப்பெண்ணின் தலைக்கும் தாம்பூலத் தட்டுக்கும் மட்டும் மல்லிகை வைத்துக்கொண்டு, மேடைக்குச் செவ்வந்தியும் மாவிலைத் தோரணமும் வாழைமரமும் போதும் என்று முடிவு செய்யுங்கள். பார்ப்பதற்கும் அதுவே மங்களகரமாக இருக்கும்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:

அரசு உதவி பற்றி ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் பணமும் தாலிக்குத் தங்கமும் கிடைக்கும் என்று இன்றும் பலர் சொல்லி அனுப்புகிறார்கள். அந்தத் திட்டம் 2022இல் மாணவியருக்கு உயர்கல்விக்காக மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டுவிட்டது. ஆனால் கணவரை இழந்த ஏழைப் பெண்களின் மகள்களுக்கென ஈ.வெ.ரா. மணியம்மையார் பெயரில் உள்ள திருமண நிதியுதவித் திட்டம் வேறு. உங்கள் அம்மாவின் நிலைமைக்கு அது பொருந்தக்கூடும். வருமான உச்சவரம்பு உண்டு. திருமணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், இந்த வாரமே மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கு நேரில் சென்று கேளுங்கள். தந்தையின் இறப்புச் சான்றும் வருமானச் சான்றும் கையில் இருக்கட்டும்.

தாலி கட்டுவதைக் கோயிலில் வைத்துக்கொண்டால் மண்டபத்தைச் சாப்பாட்டுக்கு மட்டும் அரை நாள் எடுத்தால் போதும். உங்கள் பக்கத்தில் வயலூர் முருகன் கோயிலில் பலர் அப்படித்தான் நடத்துகிறார்கள். மணமக்களின் வயதுச் சான்று, ஆதார் நகல், முதல் திருமணம் என்பதற்கான சான்று போன்றவற்றைக் கோயில் அலுவலகத்தில் கேட்பார்கள். முன்கூட்டியே சென்று பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவையும் மறந்துவிடாதீர்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாள்களுக்குள் பதிவு செய்வது கட்டாயம். பதிவுத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நாமே நிரப்பிக்கொள்ளலாம். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் செலவைக் குறைப்பவர்களும், பதிவின்போது காட்டுவதற்காகவும் பெரியவர்களுக்கு நேரில் வைத்து அழைப்பதற்காகவும் ஒரு 100 பிரதியாவது அச்சடித்து வைத்துக்கொள்வது நல்லது.

கும்பகோணம்வாசி:

கூறைப்புடவைக்கு ஒருநாள் திருபுவனம் வாருங்கள். அங்கே நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை நிலையம் இருக்கிறது. திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி நடக்கும் நேரத்தில் எடுப்பதும் நல்ல வழிதான். நெசவாளருக்குக் கூலி முறையாகப் போய்ச் சேரும் இடத்தில் தங்கையின் புடவையை எடுக்க வேண்டும் என்பது என் ஆசை, அதனால்தான் வலிந்து சொல்கிறேன். தாலிக்குத் தங்கம் வாங்கும்போது கிராம் விலையைவிடச் செய்கூலி, சேதாரம் எத்தனை விழுக்காடு என்பதைத்தான் கடைக்குக் கடை ஒப்பிட வேண்டும். நகையில் உள்ள ஆறு இலக்க ஹால்மார்க் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம்.

உறையூர் அண்ணன்:

மூவருக்கும் மிக்க நன்றி. நாளை சமூக நல அலுவலகத்துக்குப் போகிறேன். சமையல் பற்றி மட்டும் ஒரு கேள்வி, அம்மா. ஓர் இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒப்படைப்பதா, மளிகையை நாங்கள் வாங்கிக் கொடுத்துச் சமையல்காரருக்குக் கூலி மட்டும் கொடுப்பதா, எது சிக்கனம்?

இரு மகள்களின் தாய்:

சாமான் வாங்கவும் அடுக்களையில் நிற்கவும் நம்பிக்கையான ஆள் ஒருவர் வீட்டில் இருந்தால், கூலிக்குப் பேசுவதே சிக்கனம். சமையல்காரரிடம் மளிகைப் பட்டியலைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே வாங்கி, காந்தி மார்க்கெட்டில் இரண்டு மூன்று மொத்தக் கடைகளில் விலை கேளுங்கள். பிரிக்காத மூட்டையையும் டின்னையும் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்றும் கேட்டுவிடுங்கள். பட்டியலை நீங்களும் சரிபார்க்க வேண்டும்: மதியச் சாப்பாட்டுக்கு 100 பேருக்கு 10 முதல் 12 கிலோ அரிசி போதும்; அதைவிட மிகவும் கூடுதலாக எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள். காய்கறியும் வாழையிலையும் முந்தைய நாள் வாங்கிக்கொள்ளலாம்.

அப்படி நிற்க ஆளில்லை என்றால் இலைக் கணக்கே நல்லது. அப்போது குறைந்தபட்ச இலை எத்தனைக்குப் பணம் கட்ட வேண்டும், அதற்கு மேல் வந்தால் இலைக்கு எவ்வளவு, பந்தி பரிமாறும் ஆள்களின் கூலி அதில் அடங்குமா என்பதைப் பேசி முடியுங்கள். இலையை எண்ணுவதற்கு உங்கள் பக்கத்தில் ஒருவர், அவர்கள் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். முதல் நாள் இரவு விருந்தை வைக்காமல், காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு என்று ஒரே நாளில் முடிக்க மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தால், ஒரு வேளைச் செலவும் ஒரு நாள் வாடகையும் குறையும். அதை நீங்கள் பேச வேண்டாம், தம்பி; உங்கள் அம்மா சம்பந்தியம்மாளிடம் நேரில் பேசட்டும்.