யூவி டார்ச்சில் தேள் தெரியவில்லை, எல்லாமே ஊதாவாகத் தெரிகிறது: உதவி தேவை

கல்வேலி: வணக்கம். பாலக்கோட்டுக்கு அருகில், எங்கள் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய கற்குவியலில் தேள் நடமாட்டம் இருப்பதால், மலிவான யூவி (புற ஊதா ஒளி) டார்ச் ஒன்றை வாங்கினேன். படங்களில் தேள் பச்சையாக ஒளிர்கிறது. எனக்கோ கல், சாணம், கை எல்லாமே ஊதாவாகத் தெரிகின்றன. டார்ச் போலியா? விடியுமுன் பால் கறக்கப் போக வேண்டும், விரைவாகச் சொல்லவும்.

மாந்தோப்பு: டார்ச் ஒளியின் அலைநீளம் எத்தனை நானோமீட்டர்? எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? கொட்டகை விளக்கு எரிந்துகொண்டிருந்ததா?

பழைய உறுப்பினர்: இதற்கு முன்பே விரிவாக எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கும் பொறுமைதான் எவருக்கும் இல்லை. மலிவு டார்ச்சுகளில் பெரும்பாலானவை 395 நானோமீட்டர் வகை. அவற்றின் ஒளியில் ஒரு பகுதி கண்ணுக்கே ஊதாவாகத் தெரிவதால், பொருளின் ஒளிர்வை அது அமுக்கிவிடும். கருப்புக் கண்ணாடி வடிகட்டி பொருத்திய 365 நானோமீட்டர் டார்ச்சைத் தவிர மற்றவை விளையாட்டுப் பொருள்கள்.

மளிகைக்கடை: பேட்டரி இறங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. 500 ரூபாய் நோட்டில் அடித்துப் பாருங்கள். எண்கள் ஒளிர்ந்து, தாள் மங்கலாகவே இருந்தால் டார்ச் நன்றாக இருக்கிறது. தாள் முழுவதும் நீலமாக ஒளிரும் நோட்டை நான் கல்லாவில் சேர்ப்பதே இல்லை.

மாந்தோப்பு: சட்டைப் பையோடு சோப்புத் தூளில் துவைபட்ட நல்ல நோட்டும் அப்படித்தான் ஒளிரும், அண்ணா. தூளில் உள்ள வெண்மையூட்டி தாளில் ஏறிவிடுகிறது. அதை வைத்துக் கள்ள நோட்டு என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

மளிகைக்கடை: நட்டம் வந்தால் நீங்கள் தருவீர்களா?

பழைய உறுப்பினர்: இது தேளைப் பற்றிய உரையாடல், நோட்டைப் பற்றியதல்ல.

கல்வேலி: 395 என்று ஒட்டியிருக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பார்த்தேன். விளக்கு எரிந்தது.

மாந்தோப்பு: அப்படியானால் டார்ச்சைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பழைய உறுப்பினர் சொல்வதை நான் ஏற்கவில்லை. தேளின் மேலோட்டில் உள்ள பொருள்கள் மிக வலுவாக ஒளிர்வதால் 395 போதும், செத்த தேள்கூட ஒளிரும். நன்றாக இருட்டிய பின், விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று அடி தூரத்தில் கல் இடுக்குகளில் மெதுவாக அடித்துப் பாருங்கள். பகலில் அது கல்லுக்கு அடியில் கிடக்கும். ஒளி கல்லைத் துளைக்காது. புதிதாகத் தோலுரித்த தேள் ஓடு இறுகும்வரை சரியாக ஒளிராது என்பதால், ஒன்றும் தெரியவில்லை என்று செருப்பில்லாமல் நடந்துவிடாதீர்கள். டார்ச்சைக் கண்ணில் அடிக்கவும் வேண்டாம்.

கல்வேலி: பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் அடியில் இரண்டு, பளிச்சென்று பச்சையாக. நன்றி.

மளிகைக்கடை: கருந்தேளா, செந்தேளா? உருவத்தில் பெரிய கருந்தேளைவிடச் சிறிய செந்தேளின் கொட்டுதான் இதயத்தைத் தாக்கும். பிள்ளைகளைக் கொட்டினால் மந்திரிக்கப் போகாமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே விஷத்தின் தாக்கத்தைத் தணிக்கும் பிரசோசின் மாத்திரை கொடுப்பார்கள்.

மாந்தோப்பு: யூவி ஒளியில் இரண்டும் பச்சையாகத்தான் தெரியும், அண்ணா. சாதாரண டார்ச்சை அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள், கல்வேலி.